உருமறைந்த படர்தாமரை

உருமறைந்த படர்தாமரை என்பது, பூஞ்சையால் தோலில் உண்டாகும் படர்தாமரை நோய், தவறான மருந்தின் விளைவாகத் தனது வழக்கமான தோற்றத்தை இழந்து வேறொரு தோல் நோயைப் போலக் காட்சியளிக்கும் நிலையாகும். மருத்துவத்தில் இது டினியா இன்காக்னிட்டோ என அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் படர்தாமரையின் மீது தொடர்ந்து பூசுவதால் இந்நிலை ஏற்படுகிறது. இத்தகைய களிம்பு அரிப்பையும் சிவப்பையும் சில நாட்களில் குறைத்துவிடுவதால் நோய் குணமாகிவிட்டது என்ற எண்ணம் உண்டாகிறது. ஆனால் பூஞ்சை அழிவதில்லை. மாறாக முன்னைவிட வேகமாகப் பெருகுகிறது. கரப்பான், காளாஞ்சகப்படை, ரோசேசியா, லூப்பஸ் முதலிய பல நோய்களாக இது தவறாகக் கணிக்கப்படுவதுண்டு. அவ்வாறு கணிக்கப்படும்போது மீண்டும் ஸ்டீராய்டே பரிந்துரைக்கப்படுவதால் நோய் மேலும் முற்றுகிறது.

பெயர்

டினியா என்ற இலத்தீன் சொல் புழுவையும், துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவையும் குறிப்பதாகும். தோலில் வளையம் போலப் படரும் இந்நோய் புழுவால் உண்டாவதாகப் பழங்காலத்தில் நம்பப்பட்டதால் இப்பெயர் நிலைத்தது. உண்மையில் இந்நோய்க்கும் புழுக்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்காக்னிட்டோ என்பது தன்னை அடையாளம் காட்டாமல் மறைந்து உலவும் நிலையைக் குறிக்கும். டினியா என்பது இலத்தீனில் பெண்பாற் சொல் என்பதால் இன்காக்னிட்டா என்று எழுதுவதே சரி என்பாரும் உளர். தமிழில் படர்தாமரை என்ற பெயர் நோய் வட்டமாகப் படர்ந்து செல்லும் தன்மையைச் சுட்டுகிறது. பேச்சு வழக்கில் படை எனவும் இது குறிப்பிடப்படுகிறது.

வரலாறு

தோல் நோயொன்றுக்குப் பூஞ்சை காரணமாக இருக்க முடியும் என்பது 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெரியவந்தது. 1840களின் தொடக்கத்தில் பாரிசில் பணியாற்றிய டேவிட் குரூபி என்ற மருத்துவர், தலையில் உண்டாகும் ஒருவகைப் படர்தாமரைக்குப் பூஞ்சையே காரணம் என நுண்நோக்கியின் துணையுடன் விளக்கினார். பின்னர் பிரான்சைச் சேர்ந்த ரேமோன் சபூரோ இப்பூஞ்சைகளை விரிவாக ஆராய்ந்து 1910 இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பூஞ்சைகளை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கான ஊடகம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1934 இல் அமெரிக்கரான செஸ்டர் எம்மன்சு இப்பூஞ்சைகளை டிரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டன் என்ற மூன்று பேரினங்களாக வகைப்படுத்தினார்.

உருமறைந்த படர்தாமரையின் வரலாறு ஸ்டீராய்டு மருந்துகளின் வரலாற்றுடன் தொடங்குகிறது. கார்ட்டிசோன் தொடர்பான ஆய்வுகளுக்காக 1950 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு எட்வர்ட் கெண்டால், டாடியூசு ரைக்சுடைன், பிலிப் ஹென்ச் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. 1952 இல் மேரியன் சல்ஸ்பெர்கர், விக்டர் விட்டன் ஆகியோர் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின் மேல் பூசிப் பயன்படுத்தலாம் எனக் காட்டினர். கரப்பான் போன்ற நோய்களுக்கு இது பெரும் வரப்பிரசாதமாக அமைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பீட்டாமெத்தசோன் போன்ற பன்மடங்கு வீரியமுள்ள ஸ்டீராய்டுகள் களிம்பு வடிவில் பரவலாகப் புழக்கத்திற்கு வந்தன. 1968 இல் ஐவ், மார்க்ஸ் ஆகிய இரு பிரித்தானியத் தோல் மருத்துவர்கள், இக்களிம்புகளால் உருமாறிய படர்தாமரையைப் பிரித்தானிய மருத்துவ இதழில் விவரித்து அதற்கு டினியா இன்காக்னிட்டோ எனப் பெயரிட்டனர்.

நோய்க் காரணி

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் டெர்மட்டோபைட்டுகள் எனப்படும். இவை தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் சிதைத்து உணவாகக் கொள்கின்றன. கெரட்டின் தோலின் மேற்பகுதியிலுள்ள இறந்த செல்களில் நிறைந்திருப்பதால் இப்பூஞ்சைகள் பொதுவாக உயிருள்ள திசுக்களுக்குள் இறங்குவதில்லை. இவற்றுள் சில மனிதரிடமிருந்து மனிதருக்கும், சில பூனை, நாய், கால்நடை ஆகியவற்றிலிருந்து மனிதருக்கும், சில மண்ணிலிருந்தும் தொற்றுகின்றன. உலக அளவில் டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற இனம் மிகப் பரவலாகக் காணப்படுவதாகும்.

தேமலை உண்டாக்கும் மலசீசியா, வாய்ப்புண்ணையும் தோல் மடிப்புப் புண்களையும் உண்டாக்கும் கேண்டிடா ஆகியவையும் பூஞ்சைகளே. ஆயினும் அவை டெர்மட்டோபைட்டுகள் அல்ல. அவற்றால் வரும் நோய்கள் படர்தாமரையில் அடங்கா.

உருமாற்றம் நிகழும் முறை

ஸ்டீராய்டு பூசப்படாத படர்தாமரையை இனங்காண்பது பெரும்பாலும் எளிது. அது வட்டமாக இருக்கும். விளிம்பு சிவந்து சற்றே மேடாகச் செதில்களுடன் காணப்படும். நடுப்பகுதி ஓரளவு தெளிந்திருக்கும். பூஞ்சை ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி வளர்வதே வட்ட வடிவத்திற்குக் காரணம். பூஞ்சை புதிதாக நுழையும் விளிம்பில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் கடுமையாக வினையாற்றுகிறது. முன்பே போராட்டம் நடந்து முடிந்த நடுப்பகுதி அடங்கிவிடுகிறது.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிவப்பு, தடிப்பு, அரிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி பூஞ்சையால் நேரடியாக உண்டாவதன்று. பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் அழற்சியால் உண்டாவதாகும். ஆகவே மருத்துவர் அடையாளமாகக் கொள்ளும் வளையம், உடலின் எதிர்ப்பு வரைந்த கோடே எனலாம்.

ஸ்டீராய்டு இந்த அழற்சியை அடக்குகிறது. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களின் உற்பத்தி குறைகிறது, தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அரிப்பு தணிகிறது, செதில்கள் மறைகின்றன. இதனால் வளையத்தின் விளிம்பு மங்கி நோயின் அடையாளம் அழிந்துவிடுகிறது. அதே வேளையில், தடுப்பதற்கு எவரும் இல்லாத பூஞ்சை தங்குதடையின்றிப் பெருகுகிறது. களிம்பை நிறுத்தியதும் உடலின் எதிர்ப்பு மீள்வதால் அரிப்பும் சிவப்பும் முன்னிலும் கடுமையாகத் திரும்புகின்றன. நோயாளி மீண்டும் அதே களிம்பை நாடுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் நோய் பரவும் பரப்பு கூடுகிறது. அதன் வடிவம் குலைகிறது.

டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் போன்ற, ஸ்டீராய்டு அல்லாத எதிர்ப்பாற்றல் அடக்கிக் களிம்புகளாலும் இந்நிலை தோன்றலாம். உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகளாலும் படர்தாமரை உருமாறக்கூடும்.

அறிகுறிகள்

உருமறைந்த படர்தாமரைக்கு நிலையான ஒரு தோற்றம் இல்லை. எனினும் பின்வருவன அடிக்கடி காணப்படுகின்றன.

- விளிம்பு தெளிவற்ற, செதில் குறைந்த, பரந்த சிவந்த திட்டுகள்.
- ஒரு வளையத்திற்குள் இன்னொரு வளையமாக அமைந்த தோற்றம். களிம்பு பூசிய நாட்களில் அடங்கியும் பூசாத நாட்களில் எழுந்தும் நோய் வளர்வதால் இது உண்டாகிறது.
- சீழ்க்கொப்புளங்கள், சிறு பருக்கள்.
- முடிக்கால்களைச் சுற்றிய கடினமான முடிச்சுகள். பூஞ்சை முடிக்கால் வழியே ஆழத்திற்குச் சென்றுவிட்டதை இவை காட்டுகின்றன. 1883 இல் இதனை விவரித்த இத்தாலிய மருத்துவர் தொமெனிக்கோ மயோக்கியின் பெயரால் இது மயோக்கி கிரானுலோமா எனப்படும்.
- ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளான தோல் மெலிதல், நிறம் வெளுத்தல், இரத்தக் குழாய்கள் புலப்படுதல், தொடை இடுக்கிலும் அக்குளிலும் நிலையான கோடுகள் விழுதல்.

இறுதியாகக் கூறப்பட்ட கோடுகள் பூஞ்சை முற்றிலும் அழிந்த பின்னரும் மறைவதில்லை.

ஒத்த தோற்றமுடைய நோய்கள்

எந்த நோயாகத் தவறாகக் கருதப்படும் என்பது உடலின் எப்பகுதியில் படர்தாமரை உள்ளது என்பதைப் பொறுத்தது.

முகம்: ரோசேசியா, லூப்பஸ், செபோரிக் தோல் அழற்சி, அழகுப் பொருட்களால் வரும் ஒவ்வாமை ஆகியவற்றை ஒத்திருக்கும். முகத்தில் வரும் படர்தாமரை சிலருக்கு வெயிலில் மோசமடைவதால் லூப்பஸ் என்ற ஐயம் வலுப்படுவதுண்டு. ஸ்டீராய்டு பூசாத நிலையிலும் முகத்தில் வளைய வடிவம் தெளிவாக அமையாமல் போகலாம்.

உடலும் கைகால்களும்: நாணய வடிவக் கரப்பான், காளாஞ்சகப்படை, பிட்டிரியாசிஸ் ரோசியா ஆகியவற்றை ஒத்திருக்கும்.

தொடை இடுக்கு: தோல் மடிப்புக் காளாஞ்சகப்படை, கேண்டிடா தொற்று, எரித்திராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று ஆகியவற்றை ஒத்திருக்கும். எரித்திராஸ்மா, ஊட்ஸ் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கின் ஒளியில் பவளச் சிவப்பாக ஒளிரும். படர்தாமரை அவ்வாறு ஒளிர்வதில்லை.

உள்ளங்கை: சோப்பு முதலியவற்றால் வரும் கரப்பானாகக் கருதப்படலாம். இரு பாதங்களிலும் ஒரே ஒரு கையிலும் செதில் உதிர்வது பூஞ்சைக்கே உரிய முக்கியமான குறிப்பாகும். ஒவ்வாமையாக இருப்பின் பெரும்பாலும் இரு கைகளும் பாதிக்கப்படும்.

தலை: பொடுகாகவோ, முடியுதிர்வு நோயாகவோ கருதப்படலாம். குழந்தைகளின் தலையில் சீழுடன் வீங்கித் தோன்றும் கீரியன் என்ற வகை, பாக்டீரியாவால் வந்த கட்டி எனத் தவறாக எண்ணப்பட்டு அறுக்கப்படுவதுண்டு. கீரியனுக்குத் தேவையானது அறுவையன்று. உட்கொள்ளும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தாகும். தாமதித்தால் அவ்விடத்தில் நிலையான வழுக்கை ஏற்படலாம்.

இதற்கு மறுதலையான தவறும் நிகழ்வதுண்டு. வளையமாக இருப்பவை எல்லாம் படர்தாமரை அல்ல. கிரானுலோமா அன்னுலாரே என்ற நோயில் வளையம் இருக்கும், செதில் இராது. தொழுநோயின் சில வகைகளிலும் வளைய வடிவத் திட்டுகள் தோன்றும். அவை பொதுவாக அரிப்பதில்லை. அத்திட்டுகளில் தொடு உணர்வோ, வெப்பமும் குளிர்ச்சியும் அறியும் உணர்வோ குறைந்திருக்கலாம். தொழுநோய் இன்றும் காணப்படும் இந்தியா போன்ற நாடுகளில் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது.

நோயறிதல்

கண்ணால் கண்டு முடிவு செய்ய இயலாத இந்நோயை எளிய சோதனை ஒன்றினால் உறுதிப்படுத்த முடியும். திட்டின் விளிம்பிலுள்ள செதிலை மழுங்கிய கத்தியால் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் இட்டு, 10 முதல் 20 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சில துளிகள் சேர்ப்பர். அக்கரைசல் கெரட்டினைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவர் எளிதில் கரையாது. சிறிது நேரத்திற்குப் பின் நுண்நோக்கியில் பார்த்தால் குறுக்குச் சுவர்களுடன் கிளைத்துச் செல்லும் பூஞ்சை இழைகள் தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. முடிவும் அன்றே கிடைத்துவிடும்.

ஸ்டீராய்டால் பூஞ்சை தடையின்றிப் பெருகியிருப்பதால், உருமறைந்த படர்தாமரையில் இவ்விழைகள் மிகுதியாகக் காணப்படுவது வழக்கம். கண்ணுக்கு மறைந்த நோய் நுண்நோக்கிக்கு மிக எளிதாகவே புலப்படுகிறது. செதில் போதிய அளவு கிடைக்காதபோது, களிம்பைச் சில நாட்கள் நிறுத்திவிட்டு மீண்டும் சுரண்டிப் பார்ப்பர்.

எந்த இனப் பூஞ்சை என்று அறிய வேண்டுமாயின் சபூரோ ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். டெர்மட்டோபைட்டுகள் மெதுவாக வளர்பவை என்பதால் இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம். பூஞ்சை முடிக்காலுக்குள் ஆழமாகச் சென்றுவிட்டால் மேற்பரப்பைச் சுரண்டும் சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். அந்நிலையில் தோலின் சிறு துண்டை எடுத்து, பூஞ்சையின் சுவரை நிறமேற்றிக் காட்டும் முறையில் சோதிப்பர். ஊட்ஸ் விளக்கு ஒளியில் மைக்ரோஸ்போரம் இனங்கள் சில பச்சையாக ஒளிரும். டிரைக்கோபைட்டன் இனங்களில் பெரும்பாலானவை ஒளிர்வதில்லை. ஆகவே ஒளிராமை பூஞ்சை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இந்நோயைக் கண்டறிவதில் நோயாளி தரும் செய்திகளும் முக்கியமானவை. இதுவரை பூசிய களிம்புகள் எவை, பூசும்போது குறைந்து நிறுத்தியதும் திரும்புகிறதா, வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உள்ளதா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகள் பலமுறை நோயைச் சுட்டிக்காட்டிவிடும். மருத்துவரிடம் செல்லும்போது பயன்படுத்திய களிம்புக் குழாய்களை உடன் எடுத்துச் செல்வது நல்லது.

சிகிச்சை

முதற்படி ஸ்டீராய்டை நிறுத்துவதாகும். நிறுத்திய சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் கடுமையாகலாம் என்பதை நோயாளி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். புதிய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணிப் பழைய களிம்புக்குத் திரும்புவோர் பலர். வீரியமிக்க ஸ்டீராய்டை நெடுங்காலம் முகத்தில் பூசியவர்களும், மாத்திரையாக உட்கொள்பவர்களும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே அதனைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சாதாரணப் படர்தாமரை பூஞ்சை எதிர்ப்புக் களிம்பினாலேயே சில வாரங்களில் குணமாகும். உருமறைந்த படர்தாமரையில் பரப்பும் ஆழமும் கூடுதல் என்பதால் பெரும்பாலும் உட்கொள்ளும் மருந்து தேவைப்படுகிறது. டெர்பினாபைன், இட்ராகோனசோல், புளுகோனசோல், கிரிசியோபல்வின் ஆகியவை பயன்பாட்டில் உள்ளன. இவற்றுள் டெர்பினாபைனும் இட்ராகோனசோலும், பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருளின் உற்பத்தியை வெவ்வேறு கட்டங்களில் தடுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எச்சரிக்கைகள் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இட்ராகோனசோலும், கருவுற்ற பெண்களுக்குக் கிரிசியோபல்வினும் ஏற்றவையல்ல. எனவே இவற்றைத் தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவது நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணமாகும். அறிகுறிகள் மறைந்த பின்னரும் மருத்துவர் குறித்த காலம் வரை மருந்தைத் தொடர வேண்டும்.

இந்தியாவில்

2010களில் இந்தியாவின் பல பகுதிகளில், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத, உடலில் பரவலாகப் படரும் படர்தாமரை பெருகியதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஸ்டீராய்டுடன் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் மருந்துக் கடைகளில் சீட்டின்றிக் கிடைத்து வந்தது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இக்கலவைகள் பலவற்றில் ஸ்டீராய்டுகளுள் மிகுந்த வீரியம் கொண்ட குளோபிட்டசோல் சேர்க்கப்பட்டிருந்தது. நோய் எதுவாயினும் ஒன்று பலிக்கும் என்ற கணக்கில் விற்கப்பட்ட இவை, முதலில் அரிப்பை அடக்கியதால் மக்களின் நம்பிக்கையைப் பெற்றன. முகத்தை வெளுப்பாக்கும் பொருட்டும் ஸ்டீராய்டு களிம்புகள் பயன்படுத்தப்பட்டன. அதனால் கெடும் முகத் தோலின் நிலையை இந்திய மருத்துவர்கள் 2008 இல் தனிப் பெயரிட்டு விவரித்தனர்.

2018 இல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவச் சீட்டுடன் மட்டுமே விற்கத்தக்க எச் அட்டவணையின் கீழ் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகளும் இருந்தன.

2020 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டெர்பினாபைனை எதிர்க்கும் பூஞ்சை ஒன்றைப் புதிய இனமாக விவரித்து டிரைக்கோபைட்டன் இண்டோடினியே எனப் பெயரிட்டனர். டெர்பினாபைன் தாக்கும் நொதிக்கான மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே இவ்வெதிர்ப்புக்குக் காரணம். தெற்காசியாவில் பெருகிய இவ்வினம் பயணிகளின் வழியாகப் பிற கண்டங்களையும் அடைந்தது. அமெரிக்காவில் முதன்முதலாக நியூயார்க் நகரில் இரு நோயாளிகளிடம் கண்டறியப்பட்டதாக 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டது. இருவருள் ஒருவர் அண்மையில் வெளிநாடு எங்கும் செல்லாதவர் என்பதால், உள்ளூரிலேயே தொற்று பரவியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. இப்பூஞ்சைக்கு இட்ராகோனசோல் பெரும்பாலும் பயன் தருகிறது. ஆயினும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டியுள்ளது.

தடுப்பு

- வட்டமாகப் படரும் அரிப்புள்ள திட்டின் மீது, நோய் இன்னதென்று தெரியாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசலாகாது. குழாயின் மேல் அச்சிடப்பட்டுள்ள மருந்துகளின் பெயர்களில் குளோபிட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் போன்றவை இருப்பின் அது ஸ்டீராய்டு கலந்ததாகும்.
- ஒருவருக்கு எழுதித்தரப்பட்ட களிம்பை மற்றவர் பயன்படுத்தலாகாது.
- துண்டு, உள்ளாடை, சீப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளலாகாது. துணிகளை நன்கு துவைத்து வெயிலில் முழுமையாக உலர்த்த வேண்டும்.
- குளித்தபின் தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றை ஈரமின்றித் துடைக்க வேண்டும்.
- குடும்பத்தில் பலருக்கு நோய் இருப்பின் அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும். வளர்ப்பு விலங்குகளுக்கு முடி உதிர்ந்த திட்டுகள் இருப்பின் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
- கரப்பான் எனக் கருதிச் சிகிச்சை பெற்றும் குணமாகாமல் பரவிக்கொண்டே செல்லும் திட்டைச் சுரண்டிச் சோதிக்குமாறு மருத்துவரைக் கேட்கலாம்.